போன் கையைவிட்டு இறங்க மறுக்கிறதா? மலையக வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

"போனைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு" என்ற அறிவுரை இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் செல்லாது. அம்மா குவைத்தில், அண்ணன் கொழும்பில் புடவைக்கடையில், அக்கா கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் என்று குடும்பம் நான்கு திசையில் இருக்கும்போது, எல்லோரும் ஒன்றுசேரும் இடம் அந்தச் சிறு கருவிதான். ஆகவே இந்த வழிமுறை ஒரு பிரிப்பை மட்டும் செய்கிறது. உங்களை ஒரு மனிதர் கூப்பிடுகிற போன் ஒன்று. எவரும் கூப்பிடாமலே நீங்கள் போய் விழுகிற திரை மற்றொன்று. முதலாவது ஒலிக்க வேண்டும். இரண்டாவதை மூடிவிடலாம். கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முனைய வேண்டாம்.

முதலில் ஒரு சோதனை

அன்ட்ரொய்ட் போனில் அமைப்புகளுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்ற பகுதி இருக்கிறது. இரண்டுமே 2018இல் வந்தவை; அதற்குப் பிந்திய பெரும்பாலான போன்களில் கிடைக்கும். ஒரு வேலை நாளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் எடுத்து மூன்று விடயங்களைப் பாருங்கள்: மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் முதலிடம் எந்தச் செயலிக்கு, ஒரு நாளில் எத்தனை தடவை பூட்டுத் திறக்கப்பட்டிருக்கிறது.

மணி நேரம் அதிகம், திறந்த தடவை குறைவு என்றால் ஓடும் வீடியோக்களில் சிக்கியிருக்கிறீர்கள். முதல் இரண்டு அறிகுறிகள் உங்களுக்குரியவை. மணி நேரம் குறைவு, திறந்த தடவை மிக அதிகம் என்றால் சிக்கல் குழுச் செய்திகளிலும் பழக்கப்பட்ட கையிலும் இருக்கிறது. இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்ளாமல் வைத்தியம் தொடங்கியவர்கள் பெரும்பாலும் தவறான செயலியை அழித்துவிட்டு, பலன் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

அறிகுறி: ஐந்து நிமிடத்துக்கு எடுத்தேன், ஒரு மணி நேரம் போய்விட்டது

இதை மன உறுதிக் குறைவு என்று நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். பக்கத்துக்கு முடிவே இல்லாமல் செய்த 'முடிவிலா உருட்டல்' முறையை 2006இல் வடிவமைத்தவர் ஆசா ரஸ்கின். அதைச் செய்ததற்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். புத்தகத்துக்கு அத்தியாயம் முடியும், வானொலி நிகழ்ச்சிக்கு நேரம் முடியும். அந்த முடிவுதான் 'எழுந்து போகலாமா' என்று நம்மைக் கேட்கும். அதை எடுத்துவிட்டால் கேள்வியே எழாது. போதாததற்கு அடுத்த வீடியோ நன்றாக இருக்குமா, இருக்காதா என்பது தெரியாது. எப்போதாவது, எதிர்பாராமல் கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை மிக ஆழமாக ஊன்றும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்தே காட்டியிருக்கிறார்.

சரிசெய்ய, முடிவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். யூடியூப்பில் அடுத்த வீடியோவைத் தானாக ஓடவிடும் 'ஒட்டோபிளே'யை நிறுத்துங்கள். அதோடு பார்வை வரலாற்றை முடக்கி, பழையதை அழித்துவிடுங்கள். அப்படிச் செய்தால் முகப்புப் பக்கம் பெரும்பாலும் வெறுமையாகிவிடும். நீங்களாகத் தேடினால்தான் வீடியோ வரும். பாடம் தேடுகிறவனுக்குப் பாடம் கிடைக்கும், வேறொன்றும் வந்து கையைப் பிடிக்காது. யூடியூப்பை முற்றாக அழிப்பதைவிட இதையே நான் சிபாரிசு செய்வேன், ஏனென்றால் எங்கள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம், கணிதம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் அந்தச் செயலிதான் ஆசிரியர்.

பேஸ்புக், டிக்டொக் விடயம் வேறு. கணக்கை விட்டுவைத்து, செயலியை மட்டும் அழியுங்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் பிரவுசரில் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போகலாம். வேலை முடிந்ததும் வெளியேறிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைத் தட்டச் சொல்லும் அந்தச் சிறு சிரமம், நேரக்கட்டுப்பாட்டு எச்சரிக்கையைவிட அதிகம் உதவுகிறது. எச்சரிக்கையை ஒரு தட்டில் தள்ளிவிடலாமே.

அறிகுறி: நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வரவில்லை

காலையில் தோட்ட வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போக வேண்டியவருக்கும், தொழிற்சாலையில் முதல் ஷிப்டுக்குப் போகிறவருக்கும், முதல் பஸ்ஸைப் பிடிக்கும் மாணவனுக்கும் இதுதான் மிகக் கொடிய அறிகுறி. குளிருக்குக் கம்பளிக்குள் புகுந்த பிறகு போனின் வெளிச்சம் முகத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. சில டேட்டா பொதிகளில் நள்ளிரவுக்குப் பின்னான டேட்டா தனியாகக் கிடைக்கிறது. காசு கொடுத்தது வீணாகக்கூடாதே என்று விழித்திருப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். பதிவிறக்க வேண்டிய பாடம் இருந்தால் விடிகாலையில் எழுந்ததும் பதிவிறக்கலாம். பொதியை மாற்ற முடிந்தால் பகல் டேட்டா மட்டும் உள்ளதாக மாற்றுங்கள்.

திரையை மஞ்சளாக்கும் வசதியை மட்டும் நம்ப வேண்டாம். 2015இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வொன்றில், படுக்கைக்கு முன் ஒளிரும் திரையில் வாசித்தவர்களுக்குத் தூக்கம் வரச் சராசரியாகச் சுமார் 10 நிமிடம் பிந்தியது. தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் சுரப்பும் குறைந்தது. ஒளி கெடுதல்தான். ஆனால் பத்து நிமிடத்தைக் களவாடுவது ஒளி என்றால், இரண்டு மணி நேரத்தைக் களவாடுவது திரையில் ஓடுகிற விடயம்.

ஆகவே போன் படுக்கைக்கு வரக்கூடாது. "அலாரத்துக்காக வைத்திருக்கிறேன்" என்பது வழக்கமான பதில். டவுன் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு மேசைக் கடிகாரம் அந்தப் பதிலை முடித்துவைக்கும். போனைக் குசினியில், அல்லது படுக்கையிலிருந்து கை எட்டாத பிளக்கில் சார்ஜில் போடுங்கள். லயம் என்ற தோட்ட வரிசை வீடுகளில், ஒரே காம்பராவில் (அறையில்) ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டில் இதை ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. ஒருவருடைய வெளிச்சம் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுக்கும். இரவு 9.30க்கு வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் ஒரே இடத்துக்கு வரட்டும், அப்பாவின் போன் முதலில். பெரியவர் வைக்காத போனைப் பிள்ளை வைக்கமாட்டான்.

ஒரு வாரத்தில் அலாரம் அடிக்குமுன்பே விழிப்பு வரத் தொடங்கினால் சரியாகிவிட்டது என்று பொருள்.

அறிகுறி: அழைப்புத் தவறிவிடுமோ என்ற பயத்தில் போனை வைக்க முடியவில்லை

இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் இதற்கு நிறைய இடம் கொடுக்கிறேன். குவைத், சவூதி, கட்டார் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். துபாய், ஓமான் ஒன்றரை மணி பின்னால். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் தாய்க்கு இரவு 9 மணிக்கு ஓய்வு கிடைத்தால் இங்கே 11.30. அவள் எப்போது கூப்பிடுவாள் என்று தெரியாமல் பிள்ளைகள் போனைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள். காத்திருக்கும் நேரம் வீடியோவில் கரைகிறது. அழைப்பு வரும்போது டேட்டா முடிந்திருக்கும், பிள்ளை தூங்கியிருக்கும்.

செய்ய வேண்டியவை இவை. முதலாவது, நேரம் குறித்துக்கொள்ளுங்கள். "வெள்ளிக்கிழமை உங்கள் நேரம் மாலை 5, எங்கள் நேரம் 7.30" என்று இரு பக்கமும் எழுதி ஒட்டிவையுங்கள். நாள்தோறும் அரைகுறையாகப் பேசுவதைவிட, எல்லோரும் விழித்திருந்து பேசும் ஒரு மணி நேரம் அம்மாவுக்கும் ஆறுதல். அவளுக்கு ஓய்வு நாள் இல்லாத வீடாக இருந்தால், கிடைக்கும் நேரத்தை அவளே முதல் நாள் ஒரு குரல் செய்தியில் சொல்லட்டும்.

இரண்டாவது, 'டூ நொட் டிஸ்டர்ப்' வசதியைப் போட்டு, அதில் குறித்த சிலருடைய அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி விலக்குக் கொடுங்கள். அதே நபர் உடனே மறுபடி அழைத்தால் ஒலிக்கவிடும் தெரிவும் அதில் இருக்கிறது. அன்ட்ரொய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது அழைப்பு உள்ளே வரும். அவசரமென்றால் இரண்டு தடவை அழைக்க வேண்டும் என்று உறவினருக்குச் சொல்லிவையுங்கள். கவனம்: வட்ஸ்அப், இமோ அழைப்புகள் எல்லாப் போனிலும் இந்த விலக்குக்குள் அடங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கொண்டு ஒரு தடவை அழைக்கச் சொல்லிச் சோதித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது, டேட்டாவை அணைத்துவைக்க விரும்பினால் பழைய வழி இருக்கிறது. கொழும்பில் இருப்பவர் சாதாரண அழைப்பில் ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கட்டும். அதைக் கண்டதும் டேட்டாவைப் போட்டால் போதும்.

அறிகுறி: வட்ஸ்அப் குழுக்கள் நாள் முழுதும் கூப்பிடுகின்றன

வகுப்புக் குழு, டியூஷன் குழு, கோயில் திருவிழாக் குழு, மரண உதவிச் சங்கக் குழு, தொழிற்சங்கக் குழு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடம் வட்ஸ்அப்புக்கு வந்தபோது இந்தப் பழக்கம் எங்கள் வீடுகளில் வேரூன்றியது. பாடசாலை திறந்துவிட்டது, குழுக்கள் மட்டும் போகவில்லை.

ஒவ்வொரு குழுவையும் 'மியூட்' செய்து 'எப்போதும்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். எட்டு மணி நேரம், ஒரு வாரம் என்பவை பயன் தராது. பிறகு 'ஆர்க்கைவ்' செய்தால் முதல் பக்கத்தில் மனிதர்களின் பெயர்கள் மட்டும் மிஞ்சும். படங்களும் வீடியோக்களும் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்தினால் டேட்டாவும் மிஞ்சும். குழுக்களை மாலையில் ஒரு தடவை திறந்து பார்த்தால் எதுவும் கெட்டுப்போகாது. சாவுச் செய்தி குழுவில் மட்டும் வந்தால் தெரியாமல் போகுமே என்றால், தகவல் சொல்ல வேண்டிய வீடுகளுக்கு நேரடியாகப் போன் செய்வது என்ற வழக்கத்தைச் சங்கத்தில் பேசி மீட்டெடுங்கள். ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: வீட்டுப்பாடத்தை இரவு பத்து மணிக்குக் குழுவில் போடாதீர்கள். அந்த ஒரு செய்திக்காகப் பிள்ளை திறக்கும் போன் பன்னிரண்டு வரை மூடாது.

அறிகுறி: படிக்க உட்கார்ந்தால் மனம் நிற்பதில்லை

சாதாரணதரம், உயர்தரம் எழுதும் பிள்ளைகள் போனைச் சத்தம் போடாமல் வைத்து, கவிழ்த்துப் போட்டு, அருகிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அது போதாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்ட் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், போனை மேசையில் வைத்தவர்களைவிட வேறு அறையில் வைத்தவர்கள் நினைவாற்றல், சிந்தனைச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். மேசையில் இருந்த போன் ஒலிக்கவும் இல்லை, ஒளிரவும் இல்லை. எடுக்கக்கூடாது என்று தன்னைத் தடுப்பதற்கே மூளையின் ஒரு பகுதி செலவாகிறது என்பது அவர்களின் விளக்கம்.

வேறு அறைக்கு எங்கே போவது என்று லயத்துப் பிள்ளை கேட்டால் அது சரியான கேள்வி. பதில்: வேறு கை. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) இருக்கும் அப்பத்தாவிடம் கொடு, அடுத்த காம்பரா சித்தியிடம் கொடு, 8 மணிக்குத்தான் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக் கொடு. பாடக் குறிப்புகள் போனிலேயே இருந்தால், டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்துவிடுவது நல்லது. முழுவதையும் எடுக்கக் காசு போதாவிட்டால், அந்த வாரத்துக்கானதை மட்டும் எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கையால் எழுதிக்கொள்வதே படிப்பின் பாதி வேலையை முடித்துவிடும்.

அறிகுறி: பிள்ளை போன் காட்டாமல் சாப்பிட மறுக்கிறது

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது தெளிவானது: ஒரு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனபின் அல்லது வெளிநாடு போனபின் பேரப்பிள்ளையைத் தனியாகப் பார்க்கும் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழங்கால் வலியோடு ஓடித் திரிய முடியாதவருக்குப் போன் ஒரு துணை. ஆனாலும் முதலில் சாப்பாட்டு நேரத்தை மட்டும் பிரித்தெடுங்கள். படத்தை நிறுத்தி, பாட்டை மட்டும் கேட்கவிட்டுச் சில நாள் ஊட்டுங்கள். பிறகு அந்தப் பாட்டைப் பாட்டியே பாடட்டும். முதல் சில நாள் பிள்ளை அழும், குறைவாகச் சாப்பிடும், பசித்தால் சாப்பிடும். பிள்ளை மடுவத்துக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு) அனுப்பும் வயதென்றால் அனுப்புங்கள். மற்றப் பிள்ளைகளோடு உட்காரும்போது போன் நினைவே வராமல் சாப்பிடுவதைப் பார்க்கலாம்.

அறிகுறி: மழை தொடங்கினால் போனை விட முடியவில்லை

இங்கே மட்டும் வழிமுறை தலைகீழாகிறது. மண்சரிவு அபாயம் உள்ள இடத்தில் இருப்பவர் மழைக்காலத்தில் போனை அணைக்கக்கூடாது, ஒலியைக் குறைக்கவும் கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகள் இன்னும் ஆறாத காயம்.

ஆனால் விழித்திருப்பதும் உருட்டிக்கொண்டிருப்பதும் வேறு வேறு. பகிரப்படும் வீடியோக்களில் எது இன்றையது, எது பழையது என்று எவருக்கும் தெரிவதில்லை. பயம் மட்டும் ஏறுகிறது, பேட்டரி இறங்குகிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எச்சரிக்கை விடுக்கிறது: மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். அந்த அறிவிப்பைக் குறித்த நேரங்களில் பார்த்துவிட்டுப் போனைச் சார்ஜில் வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் கிராம உத்தியோகத்தரின் இலக்கமும் சேமிக்கப்பட்டிருக்கட்டும். பேட்டரியில் ஓடும் வானொலி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், ஏனென்றால் டித்வாவின்போது மின்சாரமும் சிக்னலும் பல இடங்களில் அறுந்தன. சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிவரும் ஊற்றுநீர் இவற்றைக் கண்டால் எந்தச் செய்திக்கும் காத்திருக்காமல் வெளியேறுங்கள்.

அறிகுறி: போன் அதிராதபோதும் அதிர்ந்ததுபோல் இருக்கிறது

நோயில்லை, பழகிய உடலின் எதிர்பார்ப்பு. அதிர்வை முற்றாக அணைத்து, ஒலியை மட்டும் வைத்து, போனைச் சட்டைப்பையிலிருந்து பைக்கு மாற்றுங்கள். நாளடைவில் போய்விடும்.

அறிகுறி: எங்கே போனாலும் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்

லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் படம் எடுத்த பொருட்களை மக்கள் வெறுமனே பார்த்த பொருட்களைவிடக் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள். நானுஓயாவிலிருந்து பதுளை வரை ரயிலில் போகும்போது பட்டிப்பொலைக்கு முன் ஒரு படம், தெமோதரைக்கு ஒரு படம் என்று முன்னதாகவே முடிவு செய்துகொண்டு மற்ற நேரம் போனைப் பைக்குள் வையுங்கள். ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

அறிகுறி: போனை வைத்துவிட்டேன், இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை

பெரும்பாலானோர் விழுவது இங்கேதான். ஆறரைக்கு இருட்டிவிடுகிறது, வெளியே மூடுபனி, போவதற்குப் பக்கத்தில் ஓரிடமும் இல்லை. போன் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பாமல் விட்டால் போனே திரும்ப வந்து உட்காரும். ஆகவே போனை வைப்பதற்கு முந்திய நாளே மாற்று ஆயத்தமாக இருக்க வேண்டும்: பிரதேச சபை நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு புத்தகம், கரம் பலகை, லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் நட வேண்டிய ஒரு பாத்தி. இளைஞர்களுக்கு வெளிச்சம் இருக்கும்வரை வொலிபோல். மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டமானால், தப்பு மேளம் அடிக்கவும் ஆடவும் பழகிக்கொள்ளப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழகுவதற்கு மாலைகள் வேண்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, எனக்கு இதுவே மிக அவசரமாகத் தோன்றுகிறது. மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். அந்த வழியில் முதலில் வந்த உங்கள் மூதாதையின் பெயர் வீட்டில் யாருக்குத் தெரியும்? தமிழ்நாட்டில் எந்த ஊர்? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் குடும்பத்தில் யார் இந்தியாவுக்குப் போனார்கள், யார் நின்றார்கள்? தாத்தாவும் அப்பத்தாவும் சொல்லக்கூடிய காலம் இதுதான். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அருகில் உட்காருங்கள். ஒரு மாலையில் முடியாது. பல மாலைகளுக்குப் போதுமான வேலை.

அறிகுறி: நான்கு நாள் நன்றாக இருந்தேன், பிறகு பழையபடி

லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில் ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. எனவே மறுபடி தொடங்கும்போது ஒன்றை மட்டும் தொடங்குங்கள். எதைத் தெரிவு செய்வதென்று தெரியாவிட்டால், படுக்கைக்குப் போன் வராமல் இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். தூக்கம் சீரானவருக்கு மற்றவை இலகுவாகின்றன.

எதற்கும் அசையாவிட்டால்

சில வேளை போன் காரணமாக இருக்காது. கடன் தொல்லை, ஒன்லைன் சூதாட்டத்தில் விட்ட காசு, படத்தை வெளியிடுவேன் என்று எவனோ மிரட்டுவது, பிரிவின் துயரம் இவற்றிலிருந்து ஒளிந்துகொள்ளத் திரைக்குள் போகிறவர் உண்டு. அவரிடமிருந்து போனைப் பிடுங்கினால் நிலைமை மோசமாகும். அருகில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேளுங்கள். சாப்பாடு, தூக்கம், வேலை மூன்றும் குலைந்திருந்தால் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. மிரட்டப்படுவது பிள்ளையென்றால் சிறுவர் உதவி இலக்கம் 1929. இரண்டுக்கும் டேட்டா தேவையில்லை, சாதாரண அழைப்பே போதும்.